நகர வெளிச்சத்தில் ஒரு தொலைநோக்கி: கிரிஃபித் பூங்காவின் இலவச வான்நோக்கு மாலைகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள்ளேயே, ஹாலிவுட் குன்றுகளின் சரிவில் 4,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் கிரிஃபித் பூங்காவில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வானம் பார்க்கும் மாலை நடக்கிறது. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் அந்த நிகழ்வு இரவு 9:45 மணிக்கு முடிகிறது. பூங்காவின் வானாய்வகத்துக்கு வெளியே வானியல் ஆர்வலர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் தங்கள் சொந்தத் தொலைநோக்கிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கட்டிடத்தின் மேலேயுள்ள குவிமாடத்துக்குள் நகராட்சிக்குச் சொந்தமான 12 அங்குல ஜெய்ஸ் தொலைநோக்கி காத்திருக்கிறது. நுழைவுச்சீட்டு இல்லை, முன்பதிவும் இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடக்க வந்தவரும், ஹாலிவுட் எழுத்துகளைப் படமெடுக்க வந்த சுற்றுலாப் பயணியும், பாடப்புத்தகத்தில் சனிக் கோளைப் படித்துவிட்டு வந்த சிறுவனும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

வானியலில் ஓரளவு பழக்கமுள்ள எவரும் இதைக் கேட்டதும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. நட்சத்திரம் பார்ப்பதற்கு இருட்டு வேண்டும். லாஸ் ஏஞ்சலஸோ அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம். இரவில் அந்தக் குன்றின் மேலிருந்து பார்த்தால் வானத்தைவிடக் கீழேயுள்ள தெருக்கள்தான் அதிகம் மின்னுகின்றன. பிறகு ஏன் அங்கே? நகரத்து மக்கள் பாலைவனம் வரை போக முடியாது என்பதால் செய்துகொண்ட சமரசம் என்றுதான் பலரும் விடை சொல்வார்கள். அந்த விடை பாதிதான் சரி. ஆய்வாளருக்கு அரிதாகக் கிடைப்பது இருண்ட வானம்; பொதுமக்களுக்கு அரிதாகக் கிடைப்பது நல்லதொரு தொலைநோக்கியில் கண்ணை வைக்கும் வாய்ப்பு. இரண்டாவதை முதன்மையாக வைத்துத் திட்டமிட்டால் இடம், நாள், கருவி, கட்டணம் எல்லாமே வேறு விதமாக அமைகின்றன. கிரிஃபித் பூங்காவின் மாலைகள் அப்படி அமைந்தவை. அவை அமைந்த கதையில் ஒரு குற்றவாளிச் செல்வந்தரும் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு துறவியும் இருக்கிறார்கள்.

செல்வந்தரின் பெயர் கிரிஃபித் ஜே. கிரிஃபித். 1850இல் வேல்ஸில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, சுரங்கத் தொழிலிலும் நிலத்திலும் பெரும்பணம் சேர்த்தவர். 1896 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு 3,015 ஏக்கர் நிலத்தைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார். அது சாதாரண மக்கள் இளைப்பாறும் இடமாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஏழாண்டுகளுக்குப் பிறகு, 1903இல், சாண்டா மோனிக்காவில் ஒரு விடுதியில் அவர் தம் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டார். மனைவி உயிர் பிழைத்தார். ஒரு கண் போயிற்று. கிரிஃபித் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தார். குற்றத்தின் கொடுமையோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவான தண்டனை என்பதை இன்று சொல்லாமல் கடந்துபோக முடியாது.

1912 டிசம்பரில் அதே மனிதர் மீண்டும் நகராட்சியிடம் வந்தார். பூங்காவில் உள்ள மவுண்ட் ஹாலிவுட் உச்சியில் ஒரு வானாய்வகம் கட்டுவதற்கு 1,00,000 டாலர் தருவதாகவும், அது முழுவதும் பொதுமக்களுக்கே உரியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அருகிலிருந்த மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் 60 அங்குலத் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்த அனுபவமே அவரை இதற்குத் தூண்டியது என்பது வானாய்வகம் சொல்லிவரும் வரலாறு. மனித குலம் முழுவதும் அந்தத் தொலைநோக்கி வழியாகப் பார்க்க முடிந்தால் உலகமே மாறிவிடும் என்ற கருத்துப்பட அவர் பேசியதாக அது பதிவு செய்திருக்கிறது. நகர மன்றம் பரிசை ஏற்றது. ஆனால் சிறை சென்று வந்தவரின் பணத்தில் நகரத்துக்கு ஒரு கட்டிடமா என்று எதிர்ப்பு கிளம்பி, விஷயம் நீதிமன்றம் வரை போய், திட்டம் நின்றுபோனது. கிரிஃபித் பணத்தை உயிலில் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு 1919இல் இறந்தார். கொடுத்தவர் கண்ணெதிரே இருந்தவரை ஏற்க மறுத்த நகரம், அவர் இறந்த பிறகு அதே பணத்தில் கட்டத் தொடங்கியது.

கட்டிட வேலை 1933இல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் லாங் பீச் நிலநடுக்கம் வந்திருந்ததால் வரைபடம் மாற்றப்பட்டுச் சுவர்கள் இன்னும் தடிமனான கான்கிரீட்டில் எழும்பின. பெருமந்தக் காலம் என்பதால் பொருள்களின் விலை குறைந்திருந்தது. ஒதுக்கிய பணத்துக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல பொருள்கள் கிடைத்தன. ஆலோசகர்களில் ஒருவர் ரஸ்ஸல் போர்ட்டர். வீட்டிலேயே கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்யும் வழக்கத்தை 1920களில் அமெரிக்காவில் பரப்பியவர் அவர். தொழில்முறை ஆய்வாளர்களுக்காக அல்லாமல் பார்க்க வருபவர்களுக்காகக் கட்டப்பட்ட ஒரு வானாய்வகத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆலோசகர் கிடைத்திருக்க முடியாது. 1935 மே 14 அன்று திறப்பு விழா நடந்தது. முதல் ஐந்து நாளில் 13,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

குவிமாடத்தில் வைக்கப்பட்ட ஜெய்ஸ் தொலைநோக்கி ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒளிவிலகல் வகைக் கருவி. முகப்பு வில்லையின் விட்டம் 12 அங்குலம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர். இருட்டில் நன்றாக விரிந்த மனிதக் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான். பரப்பளவை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த வில்லை கண்ணைவிட 1,800 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. இதுவரை 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். உலகில் வேறெந்தத் தொலைநோக்கியிலும் இத்தனை பேர் கண் வைத்ததில்லை என்று வானாய்வகம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அந்தக் கருவியின் பெயரில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அதன் சாதனை கண்களின் எண்ணிக்கைதான்.

இந்த இடத்தில் மவுண்ட் வில்சனை எதிரே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. கிரிஃபித் பூங்காவுக்கு வடகிழக்கே, 1,700 மீட்டருக்கு மேல் உயரமான மலையுச்சியில் 1904இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் அந்த ஆய்வகத்தை நிறுவினார். அங்கே 1908இல் 60 அங்குலத் தொலைநோக்கியும் 1917இல் 100 அங்குலத் தொலைநோக்கியும் வந்தன. ஆண்ட்ரோமிடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் கூட்டம் என்று எட்வின் ஹபிள் காட்டியதும், விண்மீன் கூட்டங்கள் எட்ட எட்ட வேகமாக விலகிச் செல்கின்றன என்று 1929இல் வெளியிட்டதும் அந்த 100 அங்குலக் கருவியின் துணையால்தான். ஆனால் மலையடிவாரத்து நகரம் வளர்ந்துகொண்டே போனது. மங்கலான விண்மீன் கூட்டங்களை ஆராய்வதற்கு அந்த வானம் உதவாது என்ற நிலை வந்தது. 1948இல் பாலமார் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது ஆய்வின் மையம் அங்கே நகர்ந்தது. 1980களின் நடுவில் 100 அங்குலத் தொலைநோக்கி சில ஆண்டுகள் மூடியே கிடந்தது. ஆய்வாளர்களிடமிருந்து வானத்தைப் பறித்த அதே நகரம்தான் கிரிஃபித்தின் குன்றுக்குக் கூட்டத்தை அனுப்பிவைத்தது. இன்றைக்கு மவுண்ட் வில்சனின் பழைய பெருங்கருவிகளைப் பொதுமக்கள் குழுவாகக் கட்டணம் செலுத்தி ஓர் இரவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஹபிள் பயன்படுத்திய தொலைநோக்கியில் பார்க்கப் பணம் வேண்டும். கிரிஃபித்தின் தொலைநோக்கியில் பார்க்கப் பொறுமை மட்டும் போதும்.

நகர வெளிச்சம் எதைக் கெடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். தெருவிளக்குகளின் ஒளி காற்றிலுள்ள தூசியிலும் மூலக்கூறுகளிலும் பட்டுச் சிதறி வானம் முழுவதும் ஒரு மங்கலான பூச்சாகப் படிகிறது. பால்வெளி, விண்முகில், தொலைதூர விண்மீன் கூட்டம் போன்றவை பரந்து கிடக்கும் மெல்லிய ஒளிப்படலங்கள். அவற்றின் பரப்பொளி, அதாவது ஒரு சிறு பரப்பிலிருந்து வரும் ஒளி, இந்தப் பூச்சைவிடக் குறைவு. தொலைநோக்கியில் பெருக்கத்தைக் கூட்டினால் பின்னணியும் மங்கும், படலமும் அதே அளவு மங்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூடுவதில்லை. விண்மீனின் கதை வேறு. எவ்வளவு பெருக்கினாலும் அது புள்ளியாகவே நிற்பதால், பின்னணி மங்க மங்க அந்தப் புள்ளி எடுப்பாகத் தெரிகிறது. வெறுங்கண்ணுக்கு ஒரு கை விரலில் எண்ணக்கூடிய விண்மீன்களே தெரியும் நகரத்து வானத்திலும் தொலைநோக்கிக்குள் நூற்றுக்கணக்கானவை வந்துவிடுவது இதனால்தான்.

நிலாவும் கோள்களும் நகர வெளிச்சத்தை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. நிலா தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதாவது தேய்ந்த தார்ச்சாலையின் நிறம். ஆயினும் அது நண்பகல் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை. அந்தப் பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் லாஸ் ஏஞ்சலஸின் எல்லா விளக்குகளும் சேர்ந்து வானத்தில் பூசும் ஒளி ஒன்றுமே இல்லை. வியாழனுக்கும் சனிக்கும் இதே விதி பொருந்தும். கோள்களுக்கு வேண்டியது இருட்டைவிடக் காற்றின் அமைதி. பசிபிக் கடலிலிருந்து வரும் குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்வதால் தென் கலிஃபோர்னியக் கடலோரத்தில் காற்று அடுக்குகள் பெரும்பாலும் அலைவின்றி நகர்கின்றன. மவுண்ட் வில்சனை ஹேல் தேர்ந்தெடுத்ததற்கு இந்த அமைதியும் காரணம். அதே மூடிதான் நகரத்தின் புகைமூட்டத்தையும் அடைத்துவைக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆகவே நகரப் பூங்காவில் வானம் காட்டுபவர்களின் பட்டியல் சுருக்கமானது, ஆனால் ஏமாற்றாதது. முதலிடம் நிலாவுக்கு. பிறகு சனியின் வளையம், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள், வெள்ளியின் பிறைவடிவம். கோள் எதுவும் இல்லாத மாலைகளில் இரட்டை விண்மீன்கள்: அன்னம் எனப்படும் சிக்னஸ் தொகுதியின் தலையில் உள்ள ஆல்பிரியோ, ஒன்று பொன்னிறமும் ஒன்று நீலமுமாகப் பிரிந்து தெரியும்போது வரிசையில் நிற்பவர்களிடையே ஒரு சிறு ஆரவாரம் எழுவது வழக்கம். தமிழ்நாட்டுத் திருமணங்களில் மணமகளுக்கு அருந்ததி காட்டுவார்கள். பட்டப்பகலில் மண்டப வாசலில் நின்று புரோகிதர் கைகாட்டும் திசையில் எல்லோரும் தலையாட்டுவதோடு அந்தச் சடங்கு முடிந்துவிடும். அந்த அருந்ததியும் அதன் அருகிலுள்ள வசிட்டரும் பெருங்கரடித் தொகுதியில் இருக்கிறார்கள். தொலைநோக்கியில் பார்த்தால் அருந்ததி தள்ளி நிற்க, வசிட்டர் ஒருவரே இருவராகப் பிரிந்து தெரிவார். நகரத்து வானத்திலும் இது தவறாமல் தெரியும் காட்சி.

நாளைத் தேர்வதும் இப்படித்தான். இருண்ட வானம் தேடி ஊருக்கு வெளியே போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய நாளைக் குறிப்பார்கள். கிரிஃபித் பூங்காவின் மாதாந்திர மாலையோ பெரும்பாலும் வளர்பிறை அரைநிலாவை ஒட்டிய சனிக்கிழமையில் வருகிறது. நம் பஞ்சாங்கக் கணக்கில் சப்தமி, அட்டமி. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கும் அட்டமி, தொலைநோக்கிக்கு முகூர்த்த நாள். அன்று சூரியன் மறையும்போது நிலா வானத்தின் உயரத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டித்தான் மறையும். மாலை முழுவதும் காட்டலாம். அதைவிட முக்கியமானது நிழல். நிலாவின் பகல் பகுதிக்கும் இரவுப் பகுதிக்கும் இடையிலான கோட்டில் நிற்கும் மலைகளுக்கு அப்போதுதான் விடிகிறது; கிடைவாக்கில் விழும் வெயிலில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீண்ட கருநிழல் வீசுகிறது. முழுநிலவன்று வெயில் நேர்மேலே அடிப்பதால் நிழலே இருக்காது, பள்ளங்களெல்லாம் தட்டையாகிவிடும். பௌர்ணமியன்று தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தவர்கள் கண் கூசியதைத் தவிர வேறொன்றும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

மாலை என்று பெயர் இருந்தாலும் பிற்பகல் 2 மணிக்கே தொடங்குவது சூரியனுக்காக. முகப்பில் உரிய வடிகட்டி பொருத்திய தொலைநோக்கிகளில் சூரியப் புள்ளிகளையும், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளில் சூரிய விளிம்பில் எழும் தழல்களையும் காட்டுகிறார்கள். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்தால் கண் நொடியில் போய்விடும் என்பதால், இந்தப் பகுதியில் காட்டுபவர் கருவியை விட்டு நகர்வதே இல்லை.

இருட்டிய பிறகு வரிசை நீள்கிறது. பூமி 4 நிமிடத்துக்கு 1 பாகை சுழல்கிறது. நிலாவின் அகலம் அரைப் பாகை. எனவே தொலைநோக்கியை அசையாமல் வைத்தால் நிலா தன் அகலம் முழுவதையும் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. 200 மடங்கு பெருக்கத்தில் சனியைக் காட்டினால் கண்ணருகு வில்லையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு அது ஓட ஏறத்தாழ ஒரு நிமிடம். ஜெய்ஸ் போன்ற கருவியில் இயந்திரம் பூமியின் சுழற்சியை ஈடுகட்டித் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். வெளியே கையால் திருப்பும் தொலைநோக்கிகளில் அந்த வேலை தன்னார்வலருடையது. ஒருவர் பார்த்து நகர்ந்ததும் அவர் குனிந்து பார்த்து, குழாயை ஒரு மயிரிழை தள்ளி, அடுத்தவரைக் கூப்பிடுகிறார். குழந்தைகள் கண்ணருகு வில்லையைக் கையால் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். பிடித்ததும் சனி காணாமல் போகும். மீண்டும் தேட வேண்டும். ஓர் இரவில் இதை நூறு முறை முகம் சுளிக்காமல் செய்பவரே நல்ல தன்னார்வலர்.

சனியைப் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் கேட்கும் கேள்வி உலகெங்கும் ஒன்றுதான்: உள்ளே படம் ஏதும் ஒட்டியிருக்கிறீர்களா? வளையத்தோடு கூடிய அந்தச் சிறிய, கூர்மையான உருவம் புத்தகத்தில் பார்த்ததைப் போலவே இருப்பதுதான் ஐயத்துக்குக் காரணம். ஐயத்தைத் தீர்ப்பது பூமியின் சுழற்சியே. சனி மெல்ல நகர்ந்து விளிம்பில் மறைவதைக் காட்டிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. சனிப் பெயர்ச்சியைக் கண்டு அஞ்சும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு என்ற கணக்கு, அந்தக் கோள் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் 29 ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதுதான்.

பூங்காவில் நிற்கும் கையால் திருப்பும் தொலைநோக்கிகளில் கணிசமானவை ஒட்டுப்பலகைப் பெட்டியில் அமர்ந்திருக்கும் தடித்த குழாய்கள். இவற்றின் வழியாகத்தான் இரண்டாவது மனிதர் கதைக்குள் வருகிறார். ஜான் டாப்சன் 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து சிறுவயதில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். பெர்க்லியில் வேதியியல் படித்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் சுவாமி அசோகானந்தரின் பேச்சில் ஈர்க்கப்பட்டு 1944இல் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த அந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். அறிவியலையும் வேதாந்தத்தையும் இணைத்துப் பார்ப்பது அவருக்கு இடப்பட்ட பணிகளில் ஒன்று. கையில் காசு இல்லாத துறவி, கப்பல் சன்னலின் தடித்த வட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து மணலால் தேய்த்துக் குழியாடி செய்தார். கான்கிரீட் தூண் வார்ப்பதற்கான அட்டைக் குழாயை உடலாக்கினார். 1958இல் சாக்ரமென்டோ மடத்துக்கு மாற்றப்பட்ட பிறகு தொலைநோக்கியைச் சக்கரத்தில் வைத்துத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போய் அக்கம்பக்கத்தவருக்கு வானம் காட்டலானார். மடத்துக்கு இது பிடிக்கவில்லை. வெளியிலிருந்த நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தொலைநோக்கியை ஜெரேனியம் பூச்செடி என்று குறிப்பிட்டார்களாம். குழாயில் பொருத்தியாயிற்று என்றால் தொட்டியில் வைத்த ஜெரேனியம். 1967இல் மடம் அவரை வெளியேற்றியது.

அடுத்த ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோ தெருமுனையில் அவர் தொலைநோக்கியோடு நின்றார். அவரிடம் தொலைநோக்கி செய்யக் கற்ற சிறுவர்களும் சேர்ந்துகொள்ள, நடைபாதை வானியலாளர்கள் என்ற குழு 1968இல் உருவானது. பிறகு தேசியப் பூங்காக்களுக்கும் போனார்கள். வானம் பூங்காவின் பகுதி அல்ல என்று ஒரு வனக்காவலர் தடுத்ததாகவும், வானம் பூங்காவின் பகுதியாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் பூங்கா வானத்தின் பகுதிதானே என்று டாப்சன் மறுமொழி சொன்னதாகவும் அந்தக் குழுவினர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

டாப்சன் செய்த மாற்றம் எளியது என்பதாலேயே தொழில்முறை வட்டாரம் அதை நெடுங்காலம் மதிக்கவில்லை. அதுவரை ஆர்வலர்களின் தொலைநோக்கிகள் துருவ விண்மீனை நோக்கிச் சாய்க்கப்பட்ட கனத்த இரும்புத் தாங்கிகளில் நின்றன. புகைப்படம் எடுக்க அது அவசியம். பார்க்க மட்டும் என்றால் அவசியமில்லை. டாப்சன் பெட்டியை மேலும் கீழும், வலமும் இடமும் திருப்புவதோடு நிறுத்திக்கொண்டார். உராயும் இடங்களில் டெஃப்லான் துண்டுகளை வைத்தார். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். காருக்குள் ஏற்றலாம், புல்தரையில் இறக்கி ஐந்து நிமிடத்தில் காட்டத் தொடங்கலாம், சிறுவன் இடித்தாலும் உடையாது. இரும்புக்கான செலவு மிச்சமாவதால் அதே பணத்துக்குப் பெரிய ஆடி கிடைக்கிறது. காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை. இன்று உலகெங்கும் தொழிற்சாலைகள் அந்த வடிவத்தை அவர் பெயரிலேயே விற்கின்றன.

ஒரு தொலைநோக்கியின் மதிப்பு அதன் அளவிலோ விலையிலோ இல்லை, எத்தனை பேர் அதன் வழியாகப் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது என்பது டாப்சன் ஓயாமல் சொன்ன கருத்து. செல்வந்தர் கிரிஃபித்தின் உயிலும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. இருவருக்கும் பொதுவானது வேறு எதுவும் இல்லை. பெருவெடிப்புக் கொள்கையை டாப்சன் ஏற்கவில்லை, வேதாந்தத்தைக் கலந்து தாமே ஓர் அண்டவியல் விளக்கம் வைத்திருந்தார். அறிவியலாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, அது நியாயமும்கூட. ஆனால் ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் அவர் ஆண்டுதோறும் சில வாரங்கள் ஹாலிவுட்டில் உள்ள வேதாந்த சங்கத்தில் தங்கித் தொலைநோக்கி செய்யும் வகுப்புகள் நடத்தினார். 2014 ஜனவரியில், 98ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பர்பேங்கில் இறந்தார். கிரிஃபித் பூங்காவின் மாதாந்திர மாலையை வானாய்வகத்தோடு சேர்ந்து நடத்தும் அமைப்புகளில் லாஸ் ஏஞ்சலஸ் வானியல் சங்கத்தோடு நடைபாதை வானியலாளர்களும் இருக்கிறார்கள்.

இலவசம் என்ற சொல்லுக்கு இங்கே எல்லைகள் உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். கட்டிடத்துக்கும் தொலைநோக்கிகளுக்கும் கட்டணம் இல்லை. கோளரங்கக் காட்சிக்கு உண்டு. குன்றின் மேல் வாகனம் நிறுத்துவதற்கும் இப்போது பணம் வாங்குகிறார்கள், நகரப் பேருந்தில் வந்தால் அந்தச் செலவு குறையும். செலவு இல்லாமல் எதுவும் நடப்பதில்லை: நிலமும் ஊழியரும் நகராட்சியின் பூங்காத் துறையுடையவை, 2002இல் மூடி 2006 நவம்பரில் மீண்டும் திறந்த பெரும் புதுப்பிப்புக்கு ஆன 9.3 கோடி டாலரில் அரசுப் பணமும் நன்கொடையும் கலந்திருந்தன. வெளியே நிற்கும் ஆர்வலர்கள் தங்கள் கருவியையும் பெட்ரோலையும் வார இறுதியையும் தருகிறார்கள். வருபவரிடம் மட்டும் வாங்குவதில்லை. இதன் விளைவு வெறும் தாராளம் அல்ல. சீட்டு விற்கும் இடத்துக்கு ஏற்கெனவே வானியலில் ஆர்வமுள்ளவர்தான் வருவார். சீட்டில்லாத இடத்தில்தான் வேறு வேலையாக வந்தவர், வரிசையைப் பார்த்து, என்ன காட்டுகிறீர்கள் என்று கேட்டு நிற்கிறார். பூங்காவுக்குள் வைத்ததன் பலனும் அதுவே. பாலைவனத்து வானம் எவ்வளவு கருமையாக இருந்தாலும் தற்செயலாக வந்து நிற்பவரை அங்கே காண முடியாது.

அந்தத் தற்செயல் பார்வையாளர் எவ்வளவு அடிப்படையிலிருந்து தொடங்குகிறார் என்பதற்கு வானாய்வகத்திடமே ஒரு கதை உண்டு. 1994 ஜனவரி 17 அன்று அதிகாலை 4:31 மணிக்கு நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்து நகரத்தின் மின்சாரம் பெருமளவு போனது. வீட்டை விட்டு வெளியே ஓடிவந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வானத்தில் ஏதோ விசித்திரமாக இருக்கிறதே, நிலநடுக்கத்தால் வந்ததா என்று கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்ததாகவும், அவர்கள் கேட்பது விண்மீன்களைப் பற்றித்தான் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று என்றும் இயக்குநர் எட் க்ரப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது கேலிக்குரிய செய்தி அல்ல. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும், வட அமெரிக்கர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கும் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வெளி தெரிவதில்லை என்று 2016இல் வெளியான ஒளிமாசு வரைபடம் காட்டியது. பிறந்ததிலிருந்து பார்க்காத ஒன்றை யாரும் இழப்பாக உணர்வதில்லை.

தொலைநோக்கி மாலைகள் இந்த இழப்பைச் சரிசெய்வதாகச் சொல்ல முடியாது. அரைநிலாவும் சனியும் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அவை நகர வெளிச்சத்தால் கெடாதவை என்பதாலேயே காட்டப்படுகின்றன. கெட்டது என்ன என்பது காட்சியில் வருவதில்லை. வரிசையில் நிற்பவர் தன் ஊர் வானம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணத்தோடுகூடத் திரும்பக்கூடும். அனுபவமுள்ள தன்னார்வலர்கள் இதை அறிந்து, நிலாவைக் காட்டிய கையோடு ஆண்ட்ரோமிடாவையும் தேடிக் காட்டுவதுண்டு. ஒரு சாம்பல் கறை. இவ்வளவுதானா என்று கேட்பவரிடம், இருட்டான ஊரில் இது தொலைநோக்கியே இல்லாமல் தெரியும் என்று சொல்வதற்கு அதுவே தருணம்.

இரவு 9:30 மணியளவில், கூட்டம் அதிகமென்றால் அதற்கும் முன்பே, ஜெய்ஸ் தொலைநோக்கிக்கான வரிசையை மூடிவிடுகிறார்கள். அதற்குள் நின்றுவிட்டவர்கள் பார்த்து முடிப்பதற்கு அந்த அவகாசம் வேண்டும். வெளியே அட்டைக் குழாய்களும் பெட்டிகளும் கார்களுக்குள் போகின்றன. அட்டமி நிலா அப்போதும் மேற்கு வானத்தில் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். அது மறைய இன்னும் இரண்டு மணி நேரமாவது இருக்கும்.